10,000 பவுண்டு கணக்கை நம்பாதீர்கள்



போன வாரம் டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பிக்கப் டிரக்கின் பின்னால் டிராவல் டிரெய்லரை மாட்டிக்கொண்டு நிற்கும் படம் போட்டிருந்தார். "நம்ம வண்டி 10,000 பவுண்டு இழுக்கும் சார், டிரெய்லர் வெறும் 7,000தான்" என்று எழுதியிருந்தார். எனக்கு லைக் போடக் கை வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளையும் இதே கணக்கைத்தான் சொன்னார். பார்ஸ்டோ பக்கம் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, கஹோன் கணவாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். காற்றுக்குப் பேர்போன இடம் அது. ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியதும் பின்னால் டிரெய்லர் இடம் வலமாக ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. பேத்தி என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. நல்லவேளை, மாப்பிள்ளை பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கையும் வெட்டவில்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினார். பின்வண்டி இழுத்துப் பிடித்ததும் நேரானது. டிரக் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் டிரெய்லர் எங்களைத் தள்ளிக்கொண்டு மடங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தேன். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,500 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. டிரெய்லரின் மூக்கு டிரக்கின் மேல் அழுத்தும் எடையும் இதில்தான் சேரும். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். 7,000க்கு 12 சதவீதம் என்றால் 840. நாங்கள் ஆறு பேர் 750. இணைக்கும் ஹிட்ச் 80. பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, ஐஸ் பெட்டி 200. கூட்டினால் 1,870! இழுக்கும் திறன் மிச்சமிருந்தது. சுமக்கும் திறன் எப்போதோ தீர்ந்துவிட்டது. விற்ற இடத்தில் இந்த எண்ணை ஒருவரும் சொல்லவில்லை. விளம்பரத்தில் வருவது எப்போதும் பெரிய எண்தான்.

மூக்கு எடையைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். மாட்டுவண்டி ஓட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு விடை தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கும், கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். வண்டிக்காரர் உடனே முன்னால் நகர்ந்து உட்காருவார். விசையின் திருப்புத்திறன் பாடத்தில் நான் சொன்னதும் இதேதான். எங்கள் டிரெய்லரின் பின்புறத்தில் நான்கு சைக்கிள்கள் தொங்கின, கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்யாமல் வந்திருந்தோம். ஆடாமல் என்ன செய்யும்? எடையைப் பகிரும் ஹிட்ச் நல்ல கருவிதான், ஆனால் அது ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கூட்டாது.

இன்னொன்று, வேகம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டப்படி 55 மைல்தான். நாங்கள் 65இல் வந்தோம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்று. இந்த அளவு டிரெய்லருக்கு அங்கே தனி லைசென்ஸும் தேவையில்லை. என்னைக் கேட்டால் ஒருநாள் பயிற்சியாவது கட்டாயமாக்க வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தவருக்கெல்லாம் இது தெரிந்துவிடாது.

மாப்பிள்ளை அந்த டிரெய்லரை விற்றுவிட்டு 4,500 பவுண்டில் சின்னதாக ஒன்று வாங்கினார். பேத்திக்குக் கட்டில் சிறிது என்று கோபம்.

டெக்சாஸ் தம்பி, உங்கள் படத்தில் இரண்டு குழந்தைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கிளம்பும் முன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். கதவில் உள்ள எண்ணையும் மேடையில் வந்த எண்ணையும் கீழே எழுதுங்கள். கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.