மலைச் சரக்கும் லாரிக் கட்டும்

கொல்லிமலைக் குடியானவர் வாழை, பலா, அன்னாசி, மிளகு, மரவள்ளி முதலியவற்றை விளைவிப்பதில் செலுத்தும் கவனத்தை, அவற்றை லாரியில் ஏற்றுவதிலும் செலுத்துதல் அவசியம். தோட்டத்து வாயிலோடு தம் வேலை முடிந்தது, அப்பால் டிரைவர் பாடு என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். பாரத்தைக் கட்டுதல் அறுவடையின் கடைசி வேலையாகும்.

மலைமேல் ஏற்றிய சரக்கு காரவள்ளி அடிவாரத்தை அடையுமுன் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கவேண்டும். வளைவில் வண்டி திரும்புகிறது. சரக்கோ நேரே செல்லப் பார்க்கிறது. வேகம் இரு மடங்கானால் சரக்கை வெளிப்புறம் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பிரேக் போட்டால் பாரம் முழுவதும் முன்னே சரியும். ஐரோப்பிய தேசங்களில், சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கை முன்புறமும், பாதியைப் பக்கங்களிலும் தாங்கும்படி தடுப்பும் கட்டும் அமையவேண்டும் என்பது கணக்கு. 4 டன் சரக்குக்கு இது முன்புறம் 3,200 கிலோ, பக்கத்தில் 2,000 கிலோ ஆகும். நைந்த கயிறு ஒன்று இதற்கு ஈடுகொடுக்குமா?

கனமானவற்றை அடியிலும் நடுவிலும் வைத்து, முன்பலகையோடு இடைவெளியின்றி நெருக்கி அடுக்கவேண்டும். பலாப்பழம் உருளும், இடையிடையே வைக்கோலையோ வாழைச்சருகையோ திணிக்கவேண்டும். வாழைத்தார்களின்மேல் மூட்டை ஏற்றலாகாது. தார்ப்பாய் மழைக்கேயன்றிக் கட்டுக்கு ஆகாது. சில வளைவுகள் இறங்கியதும் சரக்கு அமர்ந்து கயிறு தளரும். தக்க இடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்கவேண்டும்.

இதனால் நேரமும் கூலியும் வீணென்று சிலர் கூறுவர். நசுங்கிய பழத்திற்கு வியாபாரி விலையைக் குறைப்பது உடையவரிடமேயன்றி வேறெவரிடம்? தோண்டிய மரவள்ளி இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும்; அடிபட்ட கிழங்கு அதனினும் விரைவாகக் கெடும். அத்தகைய கிழங்கை ஜவ்வரிசி ஆலைகள் விரும்பா.

இவை யாவற்றினும் பெரியது உயிர். பஸ் சத்தம் மிச்சமென்று கூலியாட்கள் பாரத்தின்மேல் அமர்ந்து இறங்குவது மகா அபாயம். தளர்ந்த மூட்டை ஒன்று நழுவினால் அதன்மேல் இருப்பவருக்குப் பிடிமானம் ஏது? ஆட்களை மேலே ஏற்றவேண்டாமென்று சரக்குக்குரியவரே கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். அவர்களுடைய பஸ் சத்தத்தையும் அவரே கொடுத்துவிடுதல் நியாயம். நல்ல கயிறும் அரைமணி நேரப் பொறுமையும் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்குமாயின், அச்செலவைக் கணக்குப் பார்ப்பது தகாது.