கண்ணுக்கு வளையமா, வளையத்துக்குக் கண்ணா?

 

வில்வித்தை நம் மார்க்கம் ஆர்வமூட்டிய பயிற்சிகளுள் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனைக் கற்றவர் பின்னர் கைவிட்டுவிடலாகாது என்ற கண்டிப்பும் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஆனால் வில்லை மூலையில் வைத்துவிடும் எல்லோரும் சோம்பலால் அப்படிச் செய்வதில்லை. "எவ்வளவு பயின்றும் அம்பு குறியில் விழவில்லையே!" என்ற சலிப்பே பலரை விலக்கிவிடுகிறது. அந்தச் சலிப்பைத் தரக்கூடிய ஒரு சிறு வளையத்தைப் பற்றி இம்மாதம் பேசுவோம்.

கொம்பவுண்ட் வில் என்பது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் அலன் என்பவர் 1969இல் காப்புரிமை பெற்ற வில்லாகும். அதன் இரு நுனிகளிலும் சில்லுகள் இருக்கும். நாணை இழுக்கும்போது பாதிவழியில் பாரம் மிகும். முழுதாக இழுத்துவிட்டால் சில்லுகள் சுழன்று பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே நிதானமாகக் குறிபார்க்க முடியும். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்த வில்லில் குறிபார்க்க இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, வில்லின் உடலில் முன்னால் பூட்டப்பட்ட 'சைட்'. வட்டக்கூட்டுக்குள் ஓர் ஊசிமுனையோ வில்லையோ இருக்கும். மற்றையது, நாணின் இழைகளுக்கு நடுவே செருகப்பட்ட 'பீப்' என்னும் சிறு துளை வளையம். துப்பாக்கியின் பின்குறி, முன்குறி போன்றவை இவை. பீப்பின் துளையூடாகப் பார்க்கும்போது சைட்டின் வட்டம் அதன் நடுவே சரியாக அமர வேண்டும். வட்டத்துக்குள் வட்டம், இடையே மெல்லிய ஒளிவளையம்.

அது சற்றே விலகினால் என்ன நடக்கும்? கணக்குப் பாருங்கள். கண்ணிலிருந்து சைட் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. இலக்கோ 50 மீற்றரில். அதாவது அறுபது மடங்குக்கும் அதிகம். இங்கே 1 மில்லிமீற்றர் பிசகினால் அங்கே 6 சென்ரிமீற்றர் பிசகும். 50 மீற்றர் போட்டியின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 8 சென்ரிமீற்றர்தான். நடுவிலிருந்து விளிம்புக்கு 4 சென்ரிமீற்றர். ஆக, உங்கள் கையில் எந்தக் குற்றமும் இல்லாமலேயே புள்ளி போய்விடும்.

இவ்விடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அம்பு விலகியதும் சைட்டின் திருகாணியைத் திருப்புகிறார்கள். அடுத்த அம்பு வேறுபக்கம் விலகுகிறது, மீண்டும் திருப்புகிறார்கள். சைட் கடைசியாகத் தொட வேண்டிய பொருள். முதலில் உடல், அடுத்து வளையம், அதன் பின்னரே சைட்.

முதலில் உடலைப் பாருங்கள். நாணை இழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையின் ஒரே இடத்தில் வந்து தங்குகிறதா? நாண் மூக்கு நுனியை ஒரே விதமாகத் தொடுகிறதா? வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவர் என்றுமே அணிந்து எய்ய வேண்டும், அல்லது என்றுமே அணியாமல் எய்ய வேண்டும். இன்று ஒருவிதம், நாளை ஒருவிதம் என்றால் தலையின் சாய்வு மாறிவிடும்.

இரண்டாவது, வளையத்தின் உயரம். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் அதிகம் எய்யும் தூரத்துக்குச் சைட்டை வைத்துக்கொள்ளுங்கள். இலக்குக்கு மிக அண்மையில் நின்று, அம்பைப் பூட்டி, விசையில் விரல் படாமல், இலக்கை நோக்கியபடியே இழுங்கள். கை தாடையில் தங்கும் வரை கண்களை மூடியிருங்கள். பின்பு திறங்கள். தலையை அசைக்காமலே துளையூடாகச் சைட் தெரிந்தால் வளையம் சரி. பார்ப்பதற்குத் தலையை உயர்த்த வேண்டியிருந்தால் வளையம் மேலே இருக்கிறது. நாடியைத் தாழ்த்த வேண்டியிருந்தால் கீழே இருக்கிறது. வளையம்தான் உங்கள் கண்ணைத் தேடி வர வேண்டும்; உங்கள் கழுத்து அதைத் தேடிப் போகக் கூடாது. வளையத்தை ஏற்றினால் அம்பும் மேலே போகும், இறக்கினால் கீழே போகும் என்பதால், அதை நகர்த்திய பின் சைட்டைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, வளையத்தின் முகம். நாணை இழுக்கும்போது அது சற்று முறுகும். அப்போது பீப் பக்கவாட்டில் திரும்பி, துளை பிறைபோல் ஒடுங்கித் தெரியும். புதிய நாணில் இது சாதாரணம். நூறு அம்புகளாவது எய்து நாண் படிந்த பின்னரே திருத்துங்கள். சிறிய திருப்பமென்றால், விசையைக் கொளுவும் கயிற்று வளையத்தைச் சற்றே பக்கம் திருப்பினால் போதும். பெரிதென்றால் நாணின் ஒரு முனையில் அரை முறுக்குக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும், அல்லது பீப்பின் இருபுறமும் உள்ள இழைகளில் சிலவற்றைப் பக்கம் மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாணைக் கழற்றும் எந்த வேலையையும் வில்லை அழுத்திப் பிடிக்கும் 'போ பிரெஸ்' கருவி இல்லாமல் செய்யாதீர்கள். அம்பின்றி நாணை இழுத்து விட்டுவிடவும் கூடாது. வில் உடைந்து தெறிக்கும். நூலால் இறுகக் கட்டப்படாத பீப் நாணிலிருந்து பறந்து கண்ணைத் தாக்கக்கூடும். ஆகவே உயரம் சரியானதும் அதைக் கட்டிவிடுங்கள். அம்பு பூட்டும் இடத்திலிருந்து அதன் தூரத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகொருநாள் நகர்ந்துவிட்டால் அந்தக் குறிப்பே கைகொடுக்கும்.

நான்காவதாகத்தான் சைட். முதலில் வில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சுவரில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு வில்லை அதற்கு நேராகப் பிடியுங்கள். சைட்டிலுள்ள மட்டக்குமிழி நடுவில் நிற்காவிட்டால் குமிழியைத் திருத்துங்கள். இல்லையேல் அதை நம்பி வில்லைச் சாய்த்தே எய்துகொண்டிருப்பீர்கள். அதன்பின் ஊசிமுனையையல்ல, சைட்டின் முழு வட்டத்தையும் பீப்பின் நடுவே வைத்து மூன்று அம்புகள் எய்யுங்கள். ஓர் அம்பை நம்பித் திருகாணியைத் தொடாதீர்கள். மூன்றும் ஒரே இடத்தில் கூடினால், அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்துங்கள். அம்பு வலப்புறம் என்றால் சைட்டும் வலப்புறம்; அம்பு மேலே என்றால் சைட்டும் மேலே. மூன்றும் மூன்று திசையில் சிதறினால் சைட்டில் குற்றம் தேடாதீர்கள். முதலாவது படிக்குத் திரும்புங்கள்.

இன்னுமொன்று. 10, 20, 30 மீற்றர் எனப் பின்வாங்கி எய்யும்போது அம்புகள் தூரத்துக்கேற்ப மேலும் மேலும் ஒரே பக்கம் விலகிச் சென்றால், அம்பு தங்கும் தாங்கியின் இடத்தையும் சோதிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வளரும் பிள்ளையின் கையும் கழுத்தும் நீள்கின்றன. போன வருடம் சரியாக இருந்த இழுப்பளவும் வளைய உயரமும் இவ்வருடம் பொருந்தாது. பிள்ளை கழுத்தைக் கோணிக் குறிபார்ப்பதைக் கண்டால் "நேராக நில்!" என்று அதட்டுவதற்கு முன்னர், கண்மூடும் சோதனையைச் செய்து பாருங்கள். குற்றம் பிள்ளையில் இல்லாமல் இருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். பொறுமையோடு இந்த வரிசையில் போனால், மூலையில் கிடக்கும் வில்லை மீண்டும் கையிலெடுக்கலாம்.