புட்டியை மாற்றுவதைவிட அளவை மாற்றுவோம்

உணவு ஆலோசனைக்கு வருவோர் அண்மைக் காலமாக அடிக்கடி எழுப்பும் வினாக்களுள் ஒன்று திராட்சை விதை எண்ணெய் பற்றியது. “இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, சமையலுக்கு வாங்கலாமா?” என்பார் ஒருவர். “அப்பாவின் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணுக்குத் தடவலாமா?” என்பார் மற்றொருவர். “மகன் வெளிநாட்டிலிருந்து இரண்டு புட்டிகள் அனுப்பியிருக்கிறான்; கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்போரும் உண்டு. முதல் வினாவுக்குச் சற்று நீண்ட விடை தேவை. மற்ற இரண்டுக்கும் விடை ஒரே சொல்லில் அடங்கும்: கூடாது.

திராட்சை விதை எண்ணெய் தீய பொருளன்று. அதனை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆனால் மருந்து, பரிசோதனை, பேருந்துக் கட்டணம், இழந்த நாட்கூலி என்று பலவகைச் செலவுகளைச் சுமக்கும் ஒரு குடும்பம், அந்த எண்ணெய்க்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

விதையிலிருந்து எண்ணெய்க்கு வருவது எது?

புதுக்கோட்டைச் சந்தையில் நாம் வாங்கும் கருநிறப் பன்னீர்த் திராட்சைக்குப் பெயர்பெற்ற இடம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. விதையுள்ள இந்தப் பழத்தை வாயிலிட்டு விதையைத் துப்பிவிடுவது நம் வழக்கம். இத்தாலி, பிரான்சு போன்ற நாடுகளில் மதுவுக்காகத் திராட்சையைப் பிழிந்தபின் மலைபோல் எஞ்சும் சக்கையிலிருந்து விதையைப் பிரித்து எண்ணெய் எடுக்கிறார்கள். கழிவைப் பொருளாக்கும் நல்ல முயற்சி அது.

ஆனால் விளைச்சல் மிகக் குறைவு. பழத்தின் எடையில் விதை நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டுவது அரிது. அந்த விதையிலும் எண்ணெய் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடுதான். ஆகவே 100 கிலோ பழத்துக்கு அரைக் கிலோ எண்ணெய் கிடைத்தாலே பெரிது. கடலைப் பருப்பிலோ ஏறத்தாழ பாதி எடை எண்ணெயாகவே இருக்கிறது. திராட்சை விதை எண்ணெயின் விலை உயர்ந்திருப்பதற்கு இந்தக் கணக்கே முதற்காரணம். மருத்துவக் குணம் மிகுந்திருப்பது காரணமன்று. விலை உயர்ந்தது என்பதாலேயே ஒன்று உடலுக்கு உயர்ந்தது ஆகிவிடாது.

அடுத்து, விளம்பரங்கள் பெரிதும் போற்றும் பாலிஃபீனால்கள். திராட்சை விதையில் இவை நிறைய உண்டு என்பது உண்மை. எனினும் இவற்றில் பெரும்பகுதி எண்ணெயில் கரைவதில்லை. விதையை ஆட்டும்போது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அடிக்கடி பேசப்படும் ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளோ பழத்தின் தோலில் மிகுதியாக இருப்பது. ஆக, விதையின் புகழையும் தோலின் புகழையும் எண்ணெயின் தலையில் ஏற்றி விற்கிறார்கள்.

எண்ணெயில் உண்மையாகவே இருப்பவை இரண்டு. ஒன்று, லினோலிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பு. ஏறத்தாழ 70 விழுக்காடு. மற்றொன்று வைட்டமின் ஈ. இவ்விரண்டும் நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் சூரியகாந்தி எண்ணெயிலும் உள்ளன. வைட்டமின் ஈ அளவில் சூரியகாந்தி எண்ணெய் திராட்சை விதை எண்ணெயை விஞ்சியே நிற்கிறது.

அடுப்பங்கரையில்

நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த வனஸ்பதி, பாமாயில், நெய் ஆகியவற்றைக் குறைத்து, அவற்றின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெயைப் பயன்படுத்தினால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறையும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய சொல் ‘இடத்தில்’ என்பது. ஏற்கெனவே ஊற்றும் எண்ணெயை ஊற்றிவிட்டு, அதற்கு மேல் ‘உடலுக்கு நல்லது’ என்று இன்னொரு கரண்டியைச் சேர்த்தால் நன்மை விளையாது. எந்த எண்ணெயாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. திராட்சைக்கு மட்டும் தனிச் சலுகை இல்லை.

பொரிப்பதற்கு இது ஏற்றது என்ற கூற்றையும் அப்படியே நம்ப வேண்டாம். சுத்திகரித்த திராட்சை விதை எண்ணெய் உயர்ந்த வெப்பத்தில்தான் புகையும் என்பது மெய்யே. ஆனால் லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெய்கள் நீண்ட நேரச் சூட்டில் எளிதாகச் சிதையும் இயல்புடையவை. நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் அது விரைவில் கெடாமல் காக்கின்றன. கடலை எண்ணெயில் பெரும்பங்கு வகிப்பது, சூட்டைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் ஒலியிக் அமிலம். நம் முன்னோர் ஆய்வுக்கூடத்தில் கண்டறியாவிட்டாலும், பழக்கத்தால் தேர்ந்தெடுத்தவை பொருத்தமான எண்ணெய்களே.

ஆலங்குடி, கறம்பக்குடி வட்டாரங்களில் நிலக்கடலை விளைகிறது. நம் மாவட்டத்து மக்களுக்குக் கடலை எண்ணெய் அயலாருடைய பொருளன்று. நாள்தோறும் சமையலுக்குக் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். விரும்புவோர் சூரியகாந்தியையும் தவிட்டு எண்ணெயையும் அவ்வப்போது சேர்க்கலாம். வெவ்வேறு எண்ணெய்களை மாற்றிப் பயன்படுத்துமாறுதான் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அறிவுறுத்துகிறது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு வேறு எண்ணெயைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இனி அளவு. அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்குரிய தட்டில் எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்து 27 கிராம் என்று குறிக்கப்பட்டுள்ளது. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு இது மாதம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். நெய்யும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். கடையில் வாங்கித் தின்னும் வடை, பஜ்ஜி, மிக்சர் ஆகியவற்றின் எண்ணெயும் அடங்கும். இதய நோயாளிகளுக்கும் உடற்பருமன் உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவான அளவையே உணவியலாளர்கள் பரிந்துரைப்பார்கள்.

உங்கள் வீட்டில் சென்ற மாதம் எத்தனை லிட்டர் வாங்கினீர்கள் என்று மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மூன்றரைக்குப் பதில் ஆறு என்று இருந்தால், அங்கேதான் சிக்கல் இருக்கிறது. அந்த ஆறு லிட்டரும் திராட்சை விதை எண்ணெயாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. மாதத் தொடக்கத்தில் அளந்து வாங்கி, அதற்குள் சமைப்பது என்று முடிவு செய்யுங்கள். புட்டியிலிருந்து நேரே வாணலியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. மாறாக, பணம் மிச்சமாகும்.

ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதையும் கைவிட வேண்டும். அவ்வாறு காயும் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவகங்களுக்குச் சட்டமே உண்டு. வீட்டில் அளந்து பார்க்கும் கருவி இல்லை. ஆகவே நிறம் கறுத்தாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ தயங்காமல் அகற்றிவிடுங்கள்.

தோலின் மீது

இத்துறையில் திராட்சை விதை எண்ணெய்க்கு ஓரளவு நியாயம் உண்டு. அது மெல்லியது, பிசுக்கின்றிப் பரவும். தோலின் மேலடுக்கு ஈரத்தைக் காத்துக்கொள்வதற்கு லினோலிக் அமிலம் தேவைப்படுகிறது. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் குறைமாதக் குழந்தைகளிடம் நடத்தி, 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், சூரியகாந்தி எண்ணெய் தடவப்பெற்ற குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்றுகள் 41 விழுக்காடு குறைந்தன. அங்கே பயன்பட்டதும் லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெய்தான். ஆனால் விலை மலிவான எண்ணெய். மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் தடவப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. அதைப் படித்துவிட்டு, எடை குறைந்த பிள்ளைக்கு வீட்டில் தாமாகவே எண்ணெய் தேய்க்கத் தொடங்க வேண்டாம்.

வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். குளித்தபின் ஈரம் முழுதும் உலர்வதற்குள் மெல்லியதாகத் தடவுவது நல்லது. எந்தப் புது எண்ணெயையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தபின் பயன்படுத்துங்கள். பராமரிப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டியவை வருமாறு:

சர்க்கரை நோயாளியின் குதிகால் வறண்டு வெடிக்காமலிருக்க எண்ணெயோ களிம்போ தடவலாம். ஆனால் விரல் இடுக்குகளில் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சைத் தொற்று வரும். திறந்த புண்ணில் எந்த எண்ணெயும் கூடாது. கால் புண்ணை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெயை நம்பிக் கழியும் ஒரு வாரம், ஒரு விரலையே இழக்கச் செய்யக்கூடும்.

படுக்கையில் இருப்பவரின் இடுப்பிலோ முதுகிலோ தோல் சிவந்திருந்தால் அவ்விடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். படுக்கைப் புண்ணைத் தடுப்பது எண்ணெயன்று. நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும் உங்கள் கைகளே.

தீக்காயத்தின் மீது எண்ணெய் ஊற்றாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். கதிர்வீச்சு சிகிச்சை பெறுவோர், சிகிச்சை பெறும் இடத்தில் எதைத் தடவுவதாயினும் முன்னதாகச் செவிலியரிடம் கேளுங்கள்.

மாத்திரைக்கு மாற்றா?

என்னை எழுதத் தூண்டியது இந்த வினாவே. உயர் இரத்த அழுத்தமும் கொழுப்பும் வலி தருவதில்லை. வலி இல்லாததால், மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரிவதில்லை. ‘இயற்கை’ என்று எழுதிய புட்டி ஒன்று கையில் இருந்தால், நிறுத்தும் துணிவும் வந்துவிடுகிறது. விளைவு சில மாதங்கள் கழித்து, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வாசலில் வந்து நிற்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. விலையின்றி வரும் மெய்யான மருந்தை ஒதுக்கிவிட்டு, விலை கொடுத்து வாங்கிய எண்ணெயை நம்புவது எவ்வகையில் முறையாகும்?

எண்ணெய் வேறு, ‘திராட்சை விதைச் சாறு’ என்று குளிகைகளாக விற்கப்படுவது வேறு என்பதையும் அறிந்திருங்கள். பிண்ணாக்கில் தங்கும் பாலிஃபீனால்களைச் செறிவாக்கித் தருவது இது. வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கு இது இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள், இத்தகைய குளிகை எதையேனும் உட்கொண்டால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். “அது மருந்தில்லையே” என்று எண்ணி மறைத்துவிடாதீர்கள்.

பழத்தையே உண்ணலாமே

விதையின் நன்மை வேண்டுமென்றால், பன்னீர்த் திராட்சையை நன்கு கழுவி, தோலோடும் விதையோடும் மென்று உண்பதே நேரிய வழி. நார்ச்சத்தும் உடன் கிடைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அளவு முக்கியம். சாறாகப் பிழிந்து குடிப்பதைத் தவிர்த்து, பத்துப் பன்னிரண்டு பழங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் பற்றி மருத்துவரிடம் கேட்டபின் உண்பது நன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விதை நீக்கி, நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுவோருக்கு முழுப் பழம் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிய புட்டியோ, அன்போடு பிள்ளைகள் அனுப்பிய புட்டியோ வீட்டில் இருந்தால் வீணாக்க வேண்டாம். ஒளி படாத இடத்தில் வைத்து, தாளிக்கவோ காய் வதக்கவோ, மாத அளவுக்கு உட்பட்டுப் பயன்படுத்தி முடியுங்கள். தீர்ந்தபின் மீண்டும் வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்துக்குக் கீரையும் பயறும் பழமும் வாங்குங்கள். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இல்லையென்றால் அதற்காகச் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது, எந்த எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பதோடு, மாதம் எத்தனை லிட்டர் என்பதையும் மறவாமல் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்களுக்கு அதிகம் பயன்படுவது அந்த இரண்டாவது விடைதான்.