கண் சிகிச்சை சொட்டு மருந்தோடு முடிந்துவிடுகிறதா?



முதுமையில் பார்வையைப் பறிக்கும் முக்கிய நோய்களில், அறுவை சிகிச்சையால் பார்வையை மீட்டுத் தரக்கூடியது கண்புரை ஒன்றுதான். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் மாகுலா சிதைவு, கண் நீர் அழுத்தம், சர்க்கரையால் விழித்திரைக்கு வரும் பாதிப்பு ஆகிய மூன்றிலும் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் சிகிச்சை. அதில் ஒரு பங்கு மருத்துவர் கையில், மறு பங்கு நோயாளியின் அன்றாடத்தில்: பீடி, சாப்பாடு, நடை, ரத்தச் சர்க்கரை. நம் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுகளிலும் இலவச முகாம்களிலும் இந்த மறு பங்கைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஓ.பி. சீட்டில் சொட்டு மருந்தின் பெயரும் அடுத்து வர வேண்டிய தேதியும் இருக்கும். அதோடு சரி.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியது 1976இல். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அன்றைய பெரிய எதிரி கண்புரை. எத்தனை அறுவை சிகிச்சை நடந்தது என்பதே வெற்றியின் கணக்கானது. அந்தக் கணக்கு லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்தது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஆயுள் கூடிவிட்ட இன்றும் அதே கணக்கையே வைத்துக்கொண்டிருப்பதுதான் தவறு. ஒரு பெரியவர் பீடியை விட்டார் என்பதை எழுதிவைக்க எந்த முகாமின் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

பீடியில்தான் இந்த அலட்சியம் மிகக் கொடியது. புகைப்பவர்களுக்கு மாகுலா சிதைவு வரும் ஆபத்து, புகைக்காதவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். கண்புரையும் அவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது. நிறுத்தினால் அந்த ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, அறுபதைத் தாண்டி நிறுத்தினாலும் பலன் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2006 முதலே புகைத்தால் பார்வை போகும் என்ற எச்சரிக்கை சிகரெட் பெட்டியில் இடம்பெற்றது. இந்தியாவில் 2016 முதல் எச்சரிக்கைப் படம் பெட்டியின் 85 விழுக்காடு பரப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் புற்றுநோயும் சாவும் உண்டு, கண் இல்லை. சாவுக்கு அஞ்சாத எழுபது வயதுக்காரர் பார்வைக்கு அஞ்சுவார். பேரப்பிள்ளையின் முகம் தெரியாமல் போகும் என்று கண் மருத்துவர் ஒரு வார்த்தை சொன்னால் அதன் எடை வேறு.

சாப்பாட்டு விஷயத்தில் நடப்பது இன்னொரு கூத்து. அமெரிக்காவில் நடந்த ஏ.ஆர்.இ.டி.எஸ். ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. மாகுலா சிதைவு நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றியவர்களுக்கும், குறிப்பிட்ட வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை, நோய் முற்றும் ஆபத்தை ஐந்தாண்டுகளில் சுமார் கால் பங்கு குறைக்கிறது என்று அது காட்டியது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்பதால், 2013இல் முடிவு வெளியான இரண்டாம் ஆய்வுக்குப் பின் அதன் இடத்தில் லூட்டினும் ஸியாசாந்தினும் வந்தன. யாருக்குத் தேவை, அவர் பீடி பிடிப்பவரா என்று கேட்காமல் ‘கண்ணுக்குச் சத்து’ என்று இந்த மாத்திரைகளை எழுதித்தருவதும் கடையில் எடுத்துத்தருவதும் நடக்கிறது. முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுபவரிடமும் இதே சீட்டுதான்.

அந்த லூட்டின் முருங்கைக்கீரையில் இருக்கிறது, முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிறது. எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிட்டால்தான் உடலில் நன்றாகச் சேரும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி நிறைய. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி போதும். கெட்டுப்போன கண்ணைக் கீரை திருப்பித் தராது, சொட்டு மருந்துக்கு மாற்றும் ஆகாது. இதய வால்வு சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீரையின் அளவைக் கூட்டக் கூடாது. இவ்வளவையும் சொல்லிமுடிக்கப் பத்து நிமிடம் போதும். அதைச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

நடையும் அப்படித்தான். மிதமான வேக நடை கண் நீர் அழுத்தத்தைச் சிறிது குறைக்கும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கும். அதே கண் நீர் அழுத்த நோயாளி சிரசாசனம் செய்யக் கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பதைச் சென்னையில் யோகா பயிற்சியாளர்களிடம் நடந்த ஆய்வு 2006இலேயே பதிவு செய்தது. பூங்காக்களில் மூத்த குடிமக்களுக்கு யோகா கற்றுத்தருபவர்கள் கண் நோய் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். நடக்கச் சொல்வதிலும் ஒரு நேர்மை தேவை. மூடியில்லாத வடிகால், ஒரு வீட்டு வாசலுக்கு ஓர் உயரமாக ஏறி இறங்கும் நடைபாதை, அதன்மேல் இருசக்கர வண்டிகள். பார்வை குறைந்தவர் கீழே விழும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. இடுப்பெலும்பு முறிந்து படுத்த பெரியவரிடம் யார் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது?

இனி துண்டுப் பிரசுரங்கள். பளபளப்பான தாள், வெளிர் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அதுவும் மருந்துச் சீட்டு அளவுக்குப் பொடி எழுத்து. மாகுலா தேய்ந்தவருக்கு நடுவில் இருள் படர்ந்து தெரியும். அவர் கையில் இதைக் கொடுப்பது கேலி செய்வதற்குச் சமம். வெள்ளைத் தாளில் கட்டைவிரல் அகல எழுத்தில் மூன்று வரி போதும்: பீடியை விடுங்கள், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தினமும் ஜன்னல் கம்பியைப் பாருங்கள், கம்பி நெளிந்து தெரிந்தால் உடனே வாருங்கள்.

நோயாளியிடம் இதையெல்லாம் எடுத்துச்சொல்லப் புதிய துறை தேவையில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு முதியவர்களின் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். கண் பரிசோதனை எப்போது செய்தீர்கள், புகைக்கிறீர்களா என்ற இரண்டு கேள்விகளை அவர்களின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதற்கு ஊதியத்தையும் கூட்டித் தர வேண்டும், சும்மா சுமத்தக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கண் பிரிவு ஒவ்வொன்றிலும் ஓர் ஆலோசகரை அமர்த்த மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டும். நடைபாதையைச் சீர்செய்யும் பொறுப்பு உள்ளாட்சிகளுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை