உழுதவன் பேர் எந்த ஏட்டுல இருக்கு?



2020 மார்ச் 25. ஊரடங்கு. கோயில் மூடியாச்சு, கல்யாணம் நின்னு போச்சு, மல்லிப்பூ செடியிலேயே கருகிச்சு. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். பக்கத்து ஊர்தானே என்று கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வாடல். வண்டி வாடகைக்கே கட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் நிவாரணம் என்றார்கள். மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரலில் தலா 2,000 ரூபாய் என்று அறிவித்தார். கேட்கக் காதுக்கு இனிப்பாக இருந்தது. கணக்கைப் பாருங்கள். அது 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் தவணைதான். வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒருமுறை 2,000. எப்படியும் வர வேண்டிய காசை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, கொரோனா நிவாரணம் என்று பேர் வைத்தார்கள். நாளொன்றுக்கு 17 ரூபாய்கூட வராது.

சரி, அதாவது எல்லோருக்கும் வந்துச்சா? எங்க தெருவில் ஒரு பெரியவர். இருபது வருஷமாக வாரத்துக்கு உழுகிறார். விண்ணப்பிக்கப் போன இடத்தில், "பட்டா யார் பேர்ல இருக்கு பெரியவரே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏரியில் தண்ணி இருக்கா, பயிர் நிற்குதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தாத்தா பேரில் பட்டா இருந்து, வாரிசு மாற்றம் செய்யாதவர்களுக்கும் இதே கதிதான்.

உழுகிறவனைத் திருப்பி அனுப்பிய அதே திட்டத்தில், உழாதவன் புகுந்துவிட்டான். 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் நாடே பார்த்தது. தமிழ்நாட்டில் தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய்க்கு மேல் போய்விட்டதாக அரசே சொன்னது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தித் தரகர்கள் பேர் ஏற்றினார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது, கைது நடந்தது. நிலமே இல்லாதவனுக்குக் கம்ப்யூட்டரில் நிலம் முளைத்தது. வயலில் நிற்கிறவனுக்கு மட்டும் முளைக்கவில்லை!

2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது. 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி. வரவேற்கிறோம். ஆனால் காகிதம் இல்லாத குத்தகைக்காரனுக்குச் சங்கத்தில் கடன் ஏது? அவன் கம்மலை அடகு வைத்தான், வட்டிக்கு வாங்கினான். அந்தக் கடனை யார் தள்ளுபடி செய்தார்கள்?

முடியாது என்று சொல்லாதீர்கள். நம்ம மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஆந்திரா. அங்கே 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, நிலச் சொந்தக்காரரின் உரிமைக்குப் பங்கம் இல்லாமல் 11 மாத ஒப்பந்தம் போட்டுக் குத்தகைக்காரருக்கு அட்டை கொடுத்தார்கள். நிலமில்லாத குத்தகைக்காரர்களில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குடும்பங்களுக்கு வருஷம் 13,500 ரூபாய் உதவியும் அறிவித்தார்கள். நம்மிடம் 1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமே இருக்கிறது. அது ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கிறது.

நிலம் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவு செய்தால் நிலம் போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. மறுக்கவில்லை. அந்தப் பயத்தைப் போக்கும் வகையில் சட்டம் செய்வது அரசின் வேலை. அதற்காக உழுகிறவன் வயிறு காயக் கூடாது.

எனவே கேட்கிறோம்:

1. யார் பயிர் வைத்தாரோ அவர் பேரை அடங்கலில் எழுது!
2. குத்தகை, வார சாகுபடியாளருக்கும் நிவாரணம், பயிர்க்கடன், காப்பீடு கொடு!
3. வாரிசுப் பட்டா மாற்றத்துக்குக் கிராமத்திலேயே முகாம் நடத்து!

கொரோனா போயிருக்கலாம். அடுத்து வெள்ளம் வரும், புயல் வரும். அன்றைக்கும் இதே ஏட்டைத்தான் புரட்டுவார்கள். அதில் நம்ம பேர் இல்லையென்றால் மறுபடியும் கை விரிப்புதான். ஆகவே, எத்தனை சென்ட், யார் நிலம், என்ன பயிர் என்று எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போவோம். தனியாகப் போனால் மனு, கூட்டமாகப் போனால் கோரிக்கை!

உழுதவன் பேர் ஏட்டில் ஏறும்வரை ஓயமாட்டோம்!

செயலாளர்,
பருத்திப்பட்டு