முற்றத்துச் செடிகளும் அவற்றின் பெயர்களும்

ஒரு செடியின் பெயரை அறியாதவன் அதன் பயனையும் அறியான். அதனால் வரும் கேட்டையும் அறியான். தமிழும் சிங்களமும் அருகருகே வழங்கும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் நாம் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும்.

அலரியை எடுத்துக்கொள்வோம். செந்நிறமாகவும் வெண்ணிறமாகவும் பூத்து நம் முற்றங்களை அழகுசெய்யும் இச்செடியைத் தமிழ்நாட்டார் அரளி என்பர். இலை முதல் வேர் வரை அனைத்தும் நஞ்சு. இதயத் துடிப்பையே நிறுத்த வல்லது. மஞ்சளலரியின் விதையோ நம் நாட்டில் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கின்றது. சிங்கள மக்கள் இச்செடிகளைக் 'கணேரு' என்பர். அவர்கள் 'அரலிய' என்று சொல்வது விகாரைகளில் மணம் கமழும் வேறொரு மரத்தை. கொழும்பிலுள்ள பிரதமர் வாசத்தலத்தை நாம் 'அலரி மாளிகை' என வழங்குவதும் அம்மரத்தைச் சுட்டியே. அதற்கு 'ஈழத்தலரி' என்னும் அழகிய தனிப்பெயர் தமிழில் இருந்தும் நாம் அதனை மறந்தோம். மலரொன்றைப் பூசைக்குப் பறிப்போன் அதனால் இழப்பதொன்றுமில்லை. மருந்துக்குப் பறிப்போனோ உயிரையே இழக்கலாம்.

வேலியோரத்தில் நாம் 'குறோட்டன்' என வளர்ப்பதும் தாவரவியலார் கூறும் குறோட்டன் அன்று. அது கோடியேயம் என்னும் வேறு இனம். கடும் பேதியுண்டாக்கும் நேர்வாளமே உண்மைக் குறோட்டன் இனத்தது.

அங்ஙனமாயின் தாவரவியற் பெயர் ஒன்றே போதாதோ எனச் சிலர் வினவலாம். 1753ஆம் ஆண்டில் லின்னேயசு வகுத்த இருசொற் பெயர்முறை ஐயம் அகற்றும் என்பது உண்மையே. எனினும், ஆடு தொடாத இலை என்பதையும் இருமலுக்கு மருந்து என்பதையும் நம்மவர்க்கு ஒருசேர நினைவூட்டுவது 'ஆடாதோடை' என்னும் பெயரன்றோ? ஆவி பிடிக்க உதவும் நொச்சி, மதில் காக்கும் மறவர் சூடிய பூவாய்ப் புறத்திணை ஒன்றுக்கும் பெயர் தந்தது. பிரெட்றிக் கோட்டையைத் தன்னகத்தே கொண்ட ஊரின் மாணாக்கர் இதனை அறியாதிருத்தல் தகுமோ?

ஆதலின், பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கல்லூரி வளவின் ஒரு மூலையில் இச்செடிகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழ், சிங்களம், தாவரவியல் என மும்மைப் பெயர்களைப் பொறித்த பலகை நாட்டுவோம். நஞ்சுடையவற்றின் பலகையில் அதனையும் சிவப்பெழுத்தில் குறிப்போம். நினைவுத் தூண்கள் பல எழுப்பலாம். நாள்தோறும் கற்பிக்கும் நினைவுச்சின்னம் இதுவே.