பாரம் ஏற்றுதலும் சங்கத்தின் பொறுப்பும்

திருச்செந்தூர் வட்டாரத்திற்கும் தாமிரபரணிக் கரைக்கும் 2023ஆம் ஆண்டு நல்லதோர் ஆண்டாகும். ஆத்தூர் வெற்றிலை, உடன்குடிப் பனங்கருப்பட்டி, வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலை ஆகிய மூன்றும் அவ்வாண்டில் புவிசார் குறியீடு பெற்றன. பெயர் கிடைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் பெயருக்கேற்ற விலை சந்தையில்தான் கிடைக்க வேண்டும். கொடிக்காலுக்கும் சந்தைக்கும் இடையே, தறிக்கும் கடைக்கும் இடையே ஒரு லாரி ஓடுகிறது. அதில் பெட்டிகளை எவ்வாறு அடுக்குகிறோம் என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

பாரம் ஏற்றுவது லாரிக்காரர் வேலை என்று எண்ணுவது தவறு. நசுங்கிய வாழைக்காய்க்கும், வெந்து கறுத்த வெற்றிலைக்கும், உடைந்து கசிந்த கருப்பட்டிக்கும் விலை குறையும்போது அந்த நஷ்டம் அங்கத்தினர் தலையிலேயே விழுகிறது. கட்டு அறுந்து சரக்குச் சரிந்தாலோ, பாரம் ஏற்றிய தொழிலாளியின் உயிருக்கும் சாலையில் செல்வோர் உயிருக்குமே ஆபத்து.

லாரி நின்றாலும் சரக்கு நிற்பதில்லை என்பதே அடிப்படை உண்மை. ஓட்டுநர் திடீரெனத் தடையை அழுத்தும்போது சரக்கு முன்னோக்கிப் பாய முயலும். தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையுடன் முன்னோக்கியும், பாதி விசையுடன் பக்கவாட்டிலும் அது தள்ளும் எனக் கொண்டே ஐரோப்பிய நாடுகளில் கட்டின் வலிமையைக் கணக்கிடுகின்றனர். அதாவது, ஒரு டன் சரக்கு 800 கிலோ பாரம்போல் முன்பலகையை மோதக்கூடும். ஆகவே முன்பலகையை ஒட்டி இடைவெளியின்றி அடுக்கத் தொடங்குதல் வேண்டும். இடையே வெற்றிடம் விட நேர்ந்தால் வைக்கோல் திணித்த சாக்குகளை இட்டு அதை நிரப்புதல் நலம்.

கனமானவை அடியிலும் இலேசானவை மேலுமாக இருத்தல் வேண்டும். பாரம் உச்சியில் மிகுந்தால் வளைவில் வண்டி கவிழும். 20 கிலோப் பெட்டிகளை ஆறு அடுக்காக வைத்தால், அடிப்பெட்டி 100 கிலோவைத் தாங்குகிறது. வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது அந்த அழுத்தம் இன்னும் கூடும். அட்டைப் பெட்டியின் வலு அதன் மூலைகளில் உள்ளது. எனவே மூலைக்கு நேர் மூலை வருமாறு அடுக்குவதே உத்தமம். ஈரம் பட்ட அட்டை அந்த வலுவை இழந்துவிடும். ஆகையால் ஈரச் சாக்கு போர்த்திய வெற்றிலைக் கூடையை அட்டைப் பெட்டியின் மேல் ஏற்றலாகாது. கருப்பட்டியும் ஈரத்தை உறிஞ்சி இளகும். வெற்றிலைக்குக் காற்றோட்டம் வேண்டும். பழுத்த வாழை தன் அருகிலுள்ள காயையும் பழுக்கச் செய்யும். சேலைக் கட்டுகள் இவை எதனுடனும் சேராதிருப்பதே நன்று.

இறுதியாகத் தார்ப்பாய்! அது மழையைத் தடுக்குமேயன்றிப் பாரத்தைப் பிடித்து நிறுத்தாது. அதனை நம்பிக் கயிற்றைக் குறைப்போர் உளர். கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக இறுகக் கட்டப்படல் வேண்டும். சிறிது தூரம் ஓடியதும் வண்டியை நிறுத்தி மீண்டும் இறுக்கவும் வேண்டும். புதிதாக ஏற்றிய சரக்கு அமர்ந்து கட்டுத் தளர்வது இயல்பு.

சட்டமும் இவ்விஷயத்தில் கடுமையானது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. சரக்கு வண்டியின் பக்கவாட்டில் நீண்டிருந்தாலும் 20,000 ரூபாய் அபராதமே. ஒரு நடை வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் பல நடைகளின் இலாபத்தை இழப்பது விவேகமா?

இதற்கெல்லாம் நேரமும் கூலியும் கூடுமே என்பர் சிலர். கூடும்தான். ஆனால் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, பெட்டியை மெதுவாக வைக்கவில்லையே எனத் தொழிலாளியைக் குறை கூறுவது நியாயமாகாது. வேகத்துக்குக் கூலி கொடுத்தால் வேகமே கிடைக்கும். கவனம் வேண்டுமாயின் கவனத்துக்கே கூலி கொடுக்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு சங்கமும் பாரம் ஏற்றுவதை மேற்பார்க்க ஒருவரை நியமிக்கட்டும். அவர் கையெழுத்தின்றி வண்டி புறப்படலாகாது. வழியில் நேரும் சேதத்தைத் தனிப் பேரேட்டில் எழுதி, மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கட்டும். கணக்கில் ஏறாத நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அதைக் குறைக்கும் வழியை நம் அங்கத்தினர்களே காண்பர் என்பதில் ஐயமில்லை.